ஒரே ஒரு வேலை

“ஏம்மா, அவங்களுக்கு மட்டும் எப்படி இங்கிலீஷ் கடகடன்னு வருது?” பள்ளிக்கூட வாசலில், காரில் வந்து இறங்கும் பிள்ளைகளைக் காட்டிச் சின்ன மணிமொழி ஒருநாள் கேட்டாள்.

“அவுங்க ஊட்ல நாயைக்கூட இங்கிலீஷ்லதான்டி திட்டுவாங்க!” என்று சிரித்தாள், அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா.

இன்று தரமணி அலுவலகத்தில் காலியாக இருப்பது ஒரே ஒரு வேலை. நேர்காணலுக்கு ஸ்நேஹா என்ற பெண் காரில் வந்து இறங்கியதைப் பார்த்ததும் மணிமொழிக்கு வயிறு எரிந்தது. கூட வந்த அப்பா மகள் நெற்றியில் விபூதி இட்டு, “நன்னா பேசு, ஜமாய்ச்சுடு!” என்றார். தன்னை இப்படி யார் அனுப்பி வைத்தார்கள்?

மணிமொழி உள்ளே போய், கேள்வி கேட்பவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதல் கேள்விக்கே ஸ்நேஹாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இன்னும் ஒரு கேள்வியில் அழவைத்து அனுப்பிவிடலாம்.

“பயப்படாதம்மா. தண்ணி குடிச்சிட்டு மொதல்லேர்ந்து சொல்லு,” என்றாள் மணிமொழி.

பல வருடங்களுக்கு முன் இதே அறையில் திணறிய மணிமொழியிடம் ஒரு பெரியவர் சொன்ன வார்த்தைகள் அவை. இன்று அவற்றைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.