ஒரிஜினல் சர்டிபிகேட்

"ஒரு வருசம் பாண்டு எழுதிக் குடுக்கணும். ஒரிஜினல் சர்டிபிகேட் எங்க ஆஸ்பத்திரி பீரோவுலதான் இருக்கும். சம்பளம் பதினஞ்சாயிரம்," என்றார் மேனேஜர் மரியராஜ்.

டாக்டர்களுக்கு உதவியாளராக இருக்கும் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பை முடித்துவிட்டு, உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு முதல் வேலை கேட்டு வந்திருந்த தமிழ்வாணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ரவுண்ட்ஸ், கேஸ் ஷீட், ஆபரேஷன் தியேட்டர்னு அம்புட்டையும் நான் பாக்கணும். பதினஞ்சாயிரம் எந்த மூலைக்கு சார்? இருபது குடுங்க."

"இருபதா? அப்ப பாண்டு ரெண்டு வருசம்," என்று மடக்கினார் மரியராஜ்.

"மூணாவே எழுதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, எல்லாரும் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவாங்க. நீ கூட்டச் சொல்றே?"

"எழுதுங்க சார். நடுவுல யார் வந்து கேட்டாலும் சர்டிபிகேட்டைக் குடுத்துறாதீங்க. எங்கப்பாவே வந்தாலும்!"

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

"பொண்ணை எங்களுக்குப் புடிச்சிருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கெல்லாம் போக வேணாம்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பா சரியென்று தலையாட்டப் போனார். அதற்குள் தமிழ்வாணி முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் வீட்ல இருக்கத்தான் ஆசை அத்தை. அந்தப் படுபாவி மேனேஜர் மூணு வருசத்துக்கு விட மாட்டேங்குறாரே!"