டம்ளரில் இரண்டு தட்டு

விபத்தில் எல்லாம் மறந்துபோன சுகுணா, தான் யாரென்று தெரிந்துகொள்ளக் கணவரின் வலைப்பூவைப் படித்தாள். பொன்னுரங்கம் பதினெட்டு வருடங்களாகக் குடும்பக் கதைகளை அதில் எழுதிவந்தார். காபி குடிக்குமுன் மனைவி டம்ளரை இரண்டு முறை தட்டுவாள் என்று, படிப்பவர்களுக்குப் பிடிக்குமே என ஒருமுறை எழுதியிருந்தார். அவள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

இன்று காலை தட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"முழுசாப் படிச்சிட்டேங்க. நான் குடுத்து வச்சவதான்."

அவர் எழுதிய அதே சிரிப்பு. சிரித்தபடியே முன்கையை நீட்டினாள். தோசைத்திருப்பி அகலத்துக்குப் பழைய சூட்டுத் தழும்பு.

"இதைப் பத்தி மட்டும் எங்கயுமே எழுதலையே? எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் அதுதான் எனக்கு."