லைன் பிஸி

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்திருக்கும், அக்கா மெயில் போட்டிருப்பாள். கடல் தாண்டி வேலைக்கு வந்தவனுக்கு, தங்கியிருந்த வீட்டில் போன் வழியே நெட் தரும் டயல்-அப் லைன்தான் கதி. கம்ப்யூட்டரோ காலையிலிருந்து 'லைன் பிஸி' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நெட்டுல இருக்கீங்களா?"

"மூஞ்சி பூரா சோப்போட நான் எங்கடா நெட்டுல இருக்க?" என்றார், லைனில் பங்குள்ள பக்கத்து அறை டிரைவர். "போனை எடுத்துக் கேளு. யாராச்சும் இருந்தா கீச்சுனு கத்தும்."

எடுத்தான். கத்தவில்லை. அவனுடைய குரலே, அழுது ஓய்ந்து, நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது: "அக்கா, நான் வந்து சேர்ற வரைக்கும் அப்பாவ எடுத்துராதீங்க."

பிறகு லைன் அமைதியானது. ரிசீவரை வைத்தால் இணைப்பு கிடைத்துவிடும், அக்காவின் மெயில் வந்துவிடும்.

"கத்தலைல்ல, அப்ப லைன் ஃப்ரீதான், வைடா" என்றார் டிரைவர்.

அவன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.