இருபதாவது புழு

ஜெசிந்தா மூன்றாவது முறையாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். பாழாய்ப்போன புழுவில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கண்ணாடி மாதிரி உடம்பு. அதற்குள் சினைப்பையை இழுத்துக்கொண்டு போன ஒற்றைச் செல், வளைய வேண்டிய இடத்தில் வளைந்து, சமர்த்தாகத் திரும்பி வந்து நின்றது. ராக் என்ற சிறு ஜிடிபேஸ் புரதம் இல்லாவிட்டால் அந்தச் செல் வழிதெரியாமல் அலையும். அவளுடைய நான்கு வருஷ ஆராய்ச்சி சொல்வது அவ்வளவுதான். புரதம் இல்லாத பத்தொன்பது புழுக்கள் தலையாட்டிவிட்டன. இருபதாவது மாட்டேன் என்கிறது.

"புழு எடுக்குற கம்பியைத் தட்டுக்குத் தட்டு சுட்டியா, இல்ல பக்கத்துத் தட்டுல இருந்த, புரதம் உள்ள நல்ல புழுவை ஒட்டவெச்சுக் கொண்டாந்துட்டியா?" பக்கத்து மேஜை ஹாஜிரா சிரித்தாள்.

சுட்டாளா? தினம் நூறு முறை சுடுகிற கை எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

"தனியா எடுத்து வளத்துப் பாருடி. அது எந்தத் தட்டுப் புழுன்னு குட்டிங்க சொல்லிடும்."

"மூணு நாள் ஆகும். கட்டுரை அஞ்சு மணிக்குப் போகணும்."

கதவில் பேராசிரியரின் தலை தெரிந்தது. "ஜெசிந்தா, எல்லாப் புழுவுலயும் செல் வழிதவறிச்சுன்னு போட்டுடலாமா? மொத்தம் பத்தொம்பதா, இருபதாம்மா?"

"இதோ சொல்றேன் சார்."

பிளாட்டினக் கம்பியைத் தீயில் காட்டினாள். சிவந்தது. ஆறுவதற்கு மூன்று எண்ண வேண்டும். எண்ணாமல் தொட்டால் புழு பொசுங்கிவிடும்; பொசுங்கியது கணக்கில் சேராது. வந்த புதிதில் எல்லோரும் செய்கிற தப்புதான். யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

ஒன்று, என்றாள் உதட்டுக்குள். கை இறங்கத் தொடங்கியிருந்தது.