கள்ளன் யார்

ஆர்த்திகா கடைசி அத்தியாயத்தைத் திறந்துவிட்டாள். பின்னால் நின்ற சுலோஜனா டீச்சர் கணினித் திரையை எட்டிப் பார்த்தாள்.

போர் முடிந்த வருடத்தின் கடைசிப் பள்ளித் தவணை அது.

களுதாவளைக் கடலோரத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் நூலகத்தைச் சுனாமி அள்ளிக்கொண்டு போயிருந்தது. நிவாரணத்துக்கு வந்தவர்கள் புத்தகங்களுக்குப் பதிலாகக் கணினிகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான கதைகள். பிள்ளைகளோ கார் ஓட்டும் விளையாட்டைத்தான் திறந்தார்கள்.

அந்த வருடம்தான் இடமாற்றம் பெற்று வந்த சுலோஜனா, ஒரு புத்தகத்தை முழுதாக வாசித்து முடிப்பவருக்குக் காலைக் கூட்டத்தில் பாராட்டு என்று அறிவித்தாள். யாரும் அசையவில்லை.

பத்தாம் வகுப்பு ஆர்த்திகா மட்டும் தினமும் வந்தாள்.

எப்போதும் ஒரே புத்தகம். பெரிய வீடொன்றில் நகை களவுபோகும் துப்பறியும் கதை. கள்ளன் யார் என்று தெரியப்போகும் இடத்தில் நிறுத்திவிடுவாள். மறுநாள் திரும்பவும் முதல் பக்கம்.

டீச்சர் கெஞ்சிப் பார்த்தாள். ஏசியும் பார்த்தாள்.

"பிறகு வாசிக்கிறன் டீச்சர்." அவ்வளவுதான் பதில்.

இன்றைக்கு அவள் நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். வாசித்து முடித்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுலோஜனாவுக்குத் தலைகால் புரியவில்லை. அறையில் இருந்த அத்தனை பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னாள். தானும் தட்டினாள்.

"எல்லாருக்கும் சொல்லு பாப்பம். ஆர் கள்ளன்?"

"தோட்டக்காரன். அண்ணன் இங்க படிக்கக்குள்ளயே சொன்னவர். நான்தான் இல்லையெண்டு சண்டை பிடிச்சனான்."

சுலோஜனா சிரித்தாள். ஆர்த்திகாவுக்கு ஓர் அண்ணன் இருப்பதே இப்போதுதான் தெரியும்.

"அப்ப ஏன் பிள்ளை இவ்வளவு காலமும் கடைசியை வாசிக்கல்ல?"

ஆர்த்திகா மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"கடைசியைத் தான் வந்த பிறகு சேர்ந்து வாசிப்பம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வெல்லாவெளி வயலுக்குப் போனவர். வழியில வச்சுப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்க."

பிள்ளைகள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். விரித்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுலோஜனா நின்றாள்.

"நேத்து அம்மா அண்ணன்ட படத்துக்கு மாலை போட்டுட்டா டீச்சர்."