போயா நாள் மரக்கறி

"ஐயோ, நண்டு வேணாம்! இன்றைக்குப் போயா. நான் ஒரு உயிரையும் தின்னமாட்டேன். பாவம்தானே!"

ஓய்வுபெற்ற பொலிஸ் அத்தியட்சகர் கோப்பையைத் தள்ளிவைத்தார். பௌர்ணமி நாளில் நயினாதீவு விகாரையைக் கும்பிட வந்தவர், வெள்ளைச் சட்டையில் அரசாங்கப் பதக்கத்தையும் குத்தியிருந்தார். புத்தருக்கும் தெரியட்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"மரக்கறி கொண்டுவாறன், சேர்," என்றாள் நாகபூஷணி. இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சாப்பாட்டுக் கடை அவளுடையது.

குசினிக்குள் அவள் கணவனின் தங்கை மகள் பைரவி கொதித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, எங்கட ஊர் ஆம்பிளையள் முழுப்பேரையும் அள்ளிக்கொண்டு போனவன் இவன். மாமாவையும்தான். விசாரணை வைச்ச நேரமெல்லாம், 'விட்டிட்டம், வெளிநாடு போயிருப்பினம்' எண்டு சிரிச்சவன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமோ வருசா வருசம் சோறு போடுறீங்கள்?"

"அப்பளத்தைப் பார். கருகப்போகுது."

"சாப்பாட்டில ஏதும் கலந்தனீங்களோ?" பைரவியின் குரலில் கொஞ்சம் நம்பிக்கை எட்டிப்பார்த்தது.

"கறிவேப்பிலை கொஞ்சம் கூடிப்போச்சு."

நாகபூஷணி மேசைக்கு வந்து பருப்பை வார்த்தபடியே கேட்டாள்: "பதக்கம் வடிவாயிருக்கு, சேர். சும்மா தந்திருக்கமாட்டினமே?"

அத்தியட்சகரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"சும்மாவா? தொண்ணூறாம் ஆண்டு இந்தத் தீவெல்லாம் என்ட கையில, அம்மா. பிடிச்ச ஆக்களால காம்ப் நிறைஞ்சுபோச்சு. காவலுக்கு ஆள் இல்லை. ஒரே ராத்திரி! விடியும்போது ஒருத்தனும் மிச்சமில்லை. கொழும்பில பெரியவர் கூப்பிட்டுக் கை குடுத்தார்."

அகப்பை ஒரு கணம் நின்றது. பிறகு பருப்பு மறுபடியும் விழுந்தது.

"சேர் சரியாக் கஷ்டப்பட்டிருப்பியள்."

"பின்னே? நாடு முழுக்க லீவு. எனக்கு மட்டும் டியூட்டி."

"அதென்ன லீவு, சேர்?"

"செப்டெம்பர்ப் போயா. எனக்கு மறக்காது. அன்றைக்கு விகாரைக்குக்கூடப் போக முடியல்லை." அந்த ஒரு பாவம் மட்டும் இன்னும் உறுத்துவதுபோல் பெருமூச்சு விட்டார். "இன்னும் கொஞ்சம் பருப்பு, அம்மா."

வார்த்தாள்.

படகு அவரை ஏற்றிக்கொண்டு போனதும் நாகபூஷணி தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கோயிலடிக்கு நடந்தாள். வீதியோடு நின்றுவிட்டவளைக் கண்டு குருக்கள் வெளியே வந்தார்.

"ஏன் பிள்ளை வெளியில நிக்கிறீர்? பௌர்ணமிப் பறுவத்துக்கு எப்பவும் செய்யிற அர்ச்சனைதானே, உம்மட மனுசன் சந்திரமௌலீசன்ர ஆயுளுக்கு? உள்ளுக்கு வாரும்."

"ஏலாது, ஐயா, எனக்குச் செத்தவீட்டுத் துடக்கு," என்றாள் அவள் களைத்த குரலில். "இனி அவருக்குத் திவசம்தான். ஆவணிப் பௌர்ணமி... இத்தனை வருசம் சோறு போட்டு, இண்டைக்குத்தான் திதியை வாங்கினனான்."