ரெனாத்தோவின் பாட்டில்

மத்தியதரைக் கடலோரத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் பிள்ளை பிறந்தால், அந்த வருடத்துக் கறுப்புத் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் அந்தப் பிள்ளையின் பெயரில் நிலவறைக்குப் போகும். பிள்ளையின் கல்யாணத்தன்று, சுட்ட ஆட்டுக்கறியோடு அதைத் திறப்பார்கள்.

ரெனாத்தோவின் பாட்டில் இருபத்தாறு வருடங்களாக அங்கே படுத்திருந்தது. பக்கத்தில் போன வருடத்து வெள்ளை ஒயின். கறிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை என்பது அந்த ஊர் முறை.

கப்பல் வேலைக்குக் கிளம்பும் நாளில் ரெனாத்தோ இரண்டு பாட்டில்களையும் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுபோனான். மேஜையில் சுட்ட மத்தி மீன் இருந்தது.

"அப்பா, இன்னைக்கே இதைத் திறந்துடலாமா?" என்று சிவப்பைத் தொட்டுக் கேட்டான்.

"மீனுக்கா? என்னையா?" என்று சிவப்பு சீறியது. தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டது.

"பிள்ளை ஆசையா கேக்கிறான். விட்டுக்கொடேன்" என்றது வெள்ளை.

"ஆட்டுக்கறி வரட்டும்."

அப்பா திருகிப் பார்த்தார். தக்கை அசையவில்லை. "உன் கல்யாணத்துக்கே இருக்கட்டும்டா" என்று சிரித்துக்கொண்டே வெள்ளையைத் திறந்தார்.

ரெனாத்தோ போன கப்பல் திரும்பி வரவில்லை.

அடுத்த வருடம் அதே நாளில் அப்பா சிவப்பை மேலே கொண்டுவந்தார். மேஜையில் சாப்பிட எதுவும் இல்லை. தக்கை தொட்டவுடன் வந்துவிட்டது. இரண்டு கிளாஸில் ஊற்றினார். ஒன்றை மெதுவாகக் குடித்து முடித்தார். மற்றது எதிர் நாற்காலிக்கு முன்னால் அப்படியே இருந்தது.

அந்தக் கிளாஸிலிருந்து சிவப்பு மெல்லக் கேட்டது:

"மீனே போதும். அவனை வரச் சொல்லுங்களேன்."